சறுக்கினால் சறுக்கினதுதான்

மகாதேவன் தன் ஏற்புரையை மனப்பாடம் செய்து பல வருடங்கள் ஆகிவிட்டன. சிட்னியில் உள்ள நார்த்மீட் தமிழ் ஒன்றியத்தின் உபதலைவராக அவர் தெரிவான முதல் வருடமே அது தயார். வேலைக்குப் போகிற வழியில், எம்-4 நெடுஞ்சாலையில், கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முன்னால் போகும் லொறியின் பின்புறத்தைச் சபையாகப் பாவித்துச் சொல்லிப் பார்ப்பார். "இந்தப் பதவிக்கு நான் எள்ளளவும் தகுதியற்றவன்" என்று தொடங்கும் அந்த உரை, இரண்டாவது நிமிடத்தில் தன் தகுதிகளைச் சொல்ல ஆரம்பித்தால் பிறகு லேசில் நிற்காது.

லொறிகள் எல்லாம் கேட்டுவிட்டன. சபைதான் இன்னும் கேட்கவில்லை. காரணம் தலைவர் கல்யாணசுந்தரம்.

பதவியை விடுவதில் கல்யாணசுந்தரத்துக்குத் தனி ஈடுபாடு உண்டு. வருடம் தவறாமல் விடுவார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "போதும்ங்க. உடம்பு முன்ன மாதிரி இல்ல. இளைஞர்கள் வரட்டும்" என்பார். மண்டபம் விக்கித்துப் போகும். பழுதான குளிரூட்டியைப் பற்றியும், போன பொங்கலில் காணாமல் போன ஒலிபெருக்கியைப் பற்றியும் கேட்பதற்காகப் பின்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். போகிற மனிதனை எப்படி அடிப்பது? பாராட்டுரைகள் தொடங்கும். சால்வைகள் விழும். மூன்றாவது சால்வை விழுந்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சபையோட அன்புக் கட்டளையை மீற எனக்குத் தைரியம் இல்ல" என்பார். இன்னொரு வருடம் போகும்.

இதில் மகாதேவனை வாட்டிய சங்கதி வேறு. "போகாதீங்க" என்று முதலில் எழுந்து மன்றாட வேண்டியவர் உபதலைவர். ஒன்றியத்தின் வழக்கம் அது. ஒவ்வொரு வருடமும் அவர் எழுந்து, குரல் தழுதழுக்க, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு உட்காருவார்.

"நல்லாத்தான் அழுறியள்" என்பாள் மனைவி சிவகௌரி, வீட்டுக்கு வரும் வழியில். "உங்களுக்குச் சால்வை போடோணும்."

நிலைமை இப்படி இருக்கையில்தான் அந்தப் பந்து வந்தது.

கல்யாணசுந்தரம் சிட்னிக்கு வருமுன் டல்லஸில் இருந்தவர். அவர் வாயிலிருந்து வரும் வாக்கியங்களில் பாதி "நான் டல்லஸ்ல இருந்தப்ப" என்றுதான் தொடங்கும். ஒன்றியத்தின் விளையாட்டு விழாவில் கிரிக்கெட் கிண்ணத்தை இலங்கைப் பக்கத்து அணியே தொடர்ந்து தூக்கிக்கொண்டு போனபோது, அவர் ஒற்றுமையை முன்னிட்டு கிரிக்கெட்டை நிறுத்தினார். பதிலுக்கு அமெரிக்கன் ஃபுட்பாலைக் கொண்டுவந்தார். அது யாருக்குமே தெரியாது, அவரைத் தவிர. இதைவிடப் பெரிய சமத்துவம் இருக்க முடியாது என்று விளக்கமும் கொடுத்தார்.

இரண்டு முனையும் கூம்பிய, தேங்காய் போன்ற பந்து. அதை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவாட்டர்பேக். எறிய ஆள் அகப்படாவிட்டால் அவரே பந்தோடு ஓடலாம். மாட்டிக்கொள்வோம் என்று தோன்றினால், காலை முன்னால் நீட்டிப் புல்லில் சறுக்கி உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்தவரை யாரும் தொடக் கூடாது; ஆட்டம் அந்த இடத்தோடு நின்று, அங்கிருந்தே மறுபடி தொடங்கும். மற்ற விதிகள் எப்படிப் போனாலும் இந்தச் சறுக்கல் விதியை மட்டும் ஒன்றியம் வேதமாக மதித்தது. ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்மானம். முதல் வருடத்தில் ஒரு கணக்காளர் ஒரு மயக்க மருந்து டாக்டர் மேல் விழுந்ததில், இரண்டு குடும்பங்களுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இந்த வருடம் தந்தையர் தினத்தன்று இறுதி ஆட்டம். நார்த்மீட் அணிக்கும் மேய்ஸ் ஹில் அணிக்கும் போட்டி. மேய்ஸ் ஹில்தான் தலைவர் கல்யாணசுந்தரத்தின் அணி. தடுப்பவர்களில் ஒருவன் அவருடைய மகன் விவேக். நார்த்மீட்டின் குவாட்டர்பேக் நிஷானி. மன்னாரிலிருந்து வந்த கத்தரினின் மகள், சிட்னியில் பிறந்தவள், பிசியோதெரபிஸ்ட். முதுகுவலியில் வருகிற ஒன்றியத்து அங்கிள்மார் எல்லோரையும் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தவள் ஆதலால், மேடையில் அவர்கள் நிமிர்ந்து நிற்கும்போது அவளுக்குப் பெரிய பிரமிப்பு ஏற்படுவதில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தோடு நிஷானி ஓடினாள். எதிரே விவேக். அவள் முழங்காலை மடித்தாள், இடுப்பைத் தாழ்த்தினாள், ஒரு கையைப் புல்லை நோக்கி நீட்டினாள். விவேக் நல்ல வளர்ப்பு. கோயிலில் பெரியவர்களுக்கு வழிவிடுவதுபோல் இரண்டு கைகளையும் தூக்கி ஒதுங்கி நின்றான். தாழ்ந்த இடுப்பு அப்படியே நிமிர்ந்தது. அவன் கைகளை இறக்குவதற்குள் அவள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கீழே வைத்துவிட்டாள்.

நடுவர் கிருஷ்ணசாமி விசில் ஊதினார். ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர். விசில் ஊத வேண்டிய வேலை எதுவானாலும் ஒன்றியத்தில் அவரிடம்தான் வரும்; தேர்தல் அதிகாரியும் அவரேதான். புள்ளி நார்த்மீட்டுக்கு, கிண்ணமும் அவர்களுக்கு என்றார்.

கல்யாணசுந்தரம் மைதானத்துக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் கொஞ்ச நேரம் எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"இது ஏமாத்து வேலை சார்."

"ஏமாத்துதான்" என்றார் கிருஷ்ணசாமி. "ஏமாத்தக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு?"

"நான் டல்லஸ்ல இருந்தப்ப…"

"அங்க இருக்கலாம் சார். இங்க இல்ல."

விவேக் தகப்பனின் தோளைத் தொட்டான். "அப்பா, விடுங்க. அவ நல்லாப் பண்ணா. நான்தான் ஏமாந்துட்டேன், ஐ ஃபெல் ஃபார் இட்."

தகப்பன் விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரக் கடைசியில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தோசைக்கு வரிசையில் நின்ற ஜனம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. எறிவதுபோல் காட்டிவிட்டு எறியாமல் ஓடலாம், இடப்பக்கம் பார்த்துவிட்டு வலப்பக்கம் போகலாம், அதெல்லாம் சாமர்த்தியம், இது மட்டும் எப்படிப் பாவம் என்றது ஒரு கட்சி. அதெல்லாம் எதிராளியின் கண்ணை ஏமாற்றுவது, இது அவனுடைய மரியாதையை ஏமாற்றுவது என்றது மற்றது. இன்றைக்கு இவள் எழுந்து ஓடினால், நாளைக்கு உண்மையாகவே சறுக்குகிற வழுக்கைத் தலை டாக்டரை எவன் நின்று பார்க்கப் போகிறான்? இரண்டு கட்சியும் சொன்னதில் நியாயம் இருந்ததால் யாருக்கும் யாரையும் பொறுக்கவில்லை.

கல்யாணசுந்தரம் விசேட விசாரணைக் குழு ஒன்றை நியமித்தார். குழு என்றால் மகாதேவன் ஒருவர்தான். பொதுக்கூட்டத்துக்கு முன் நிஷானியைக் கண்டு விளக்கம் கேட்டு, புது விதி ஒன்றை எழுதிக் கொண்டுவர வேண்டும்.

மகாதேவன் கத்தரின் வீட்டுக்குப் போனபோது நல்ல வெயில். காரில் குளிரூட்டி பழுது; நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருங்கோ அங்கிள்" என்று கதிரையைக் காட்டினாள் நிஷானி. "அம்மா வேலைக்குப் போட்டா. டீ போடட்டா?"

"வேண்டாம் பிள்ளை, இப்பத்தான் குடிச்சனான்."

"ஓகே" என்று அவள் எதிரே உட்கார்ந்தாள்.

மகாதேவன் காத்திருந்தார். இரண்டாம் தரம் கேட்பாள், "சும்மா ஒரு வாய்" என்பாள், இவர் "உமக்கேன் பிள்ளை கரைச்சல்" என்பார், அதற்குள் கேத்தில் கொதித்துவிடும். உலகம் இதுவரை அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. நிஷானி எதிரே உட்கார்ந்தே இருந்தாள். குசினியில் எந்தச் சத்தமும் இல்லை.

"என்ன விளக்கம் வேணும் அங்கிள்?"

அவர் தொண்டையைச் செருமினார். "நீர் சறுக்கிறன் எண்டு காட்டிப்போட்டுச் சறுக்காமல் ஓடினது… அது உமக்குச் சரியாப் படுதோ?"

"ரூல் இல்லை. ரூல் வந்தா செய்யமாட்டன்."

"ரூலை விடும். மனச்சாட்சிக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "விவேக்கைப் பார்க்கப் பாவமாத்தான் இருந்தது. ஆனா அங்கிள், இது நான் கண்டுபிடிச்சது இல்லை. ஒன்றியத்திலதான் பழகினனான்."

"ஒன்றியத்திலயோ? ஆரிட்டை?"

"கல்யாணசுந்தரம் அங்கிள் எவ்ரி இயர் செய்யிறார்தானே. சின்ன வயசில இருந்து பின்வரிசையில இருந்து பாக்கிறன். போறன் எண்டு சறுக்கப் பார்ப்பார். எல்லாரும் கையைத் தூக்குவினம். பிறகு எழும்பி ஓடுவார்." அவள் சிரிக்கவில்லை. "நீங்களும்தானே முதல்ல கையைத் தூக்கிறனீங்கள்."

மகாதேவனுக்குத் தாகம் மறந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து, செம்பு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குசினி மேசையில் உட்கார்ந்து விதியை எழுதினார். "சறுக்கத் தொடங்கியவர், அல்லது சறுக்கும் அறிகுறி காட்டியவர், சறுக்கியவராகவே கொள்ளப்படுவார். ஆட்டம் அவ்விடத்திலேயே நிற்கும்." சரியான விதி. அவருக்கே அதில் உடன்பாடு இருந்தது. ஆனால் பந்துக்கு மட்டும் பொருந்துகிற விதியை வைத்து அவர் என்ன செய்ய?

இந்த இடத்தில்தான் மகாதேவனின் மூளை, பல வருடத் துருவை உதறிக்கொண்டு வேலை செய்தது. கல்யாணசுந்தரத்துக்கு ஒரு பலவீனம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அடுக்குமொழி. ஒரே ஓசையில் தொடங்கும் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் அந்த மனிதர் பொருளைப் பார்க்கமாட்டார்.

மறுநாள் தலைவருக்குப் போனில் வாசித்துக் காட்டினார். "நல்லா இருக்கு" என்றார் தலைவர், சுரத்தில்லாமல். "ஆனா கொஞ்சம் வறட்சியா இருக்கே சார். சட்டம் மாதிரி இருக்கு."

"முன்னுக்கு ஒரு வரி போட்டுப் பார்ப்பமோ? 'மைதானத்திலும் மன்றத்திலும், ஆட்டத்திலும் அவையிலும்' எண்டு?"

மறுமுனையில் பெருமூச்சு ஒன்று கேட்டது. "ஆஹா. மைதானத்திலும் மன்றத்திலும். இது விதி இல்ல சார், வாழ்க்கை நெறி. அப்படியே வைங்க. நானே வாசிக்கிறேன்."

சிவகௌரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "என்ன, முகமெல்லாம் ஒரு மாதிரி விளங்குது?"

"இந்த முறை நான் அழப்போறேல்லை."

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள். "அப்ப இந்த முறை தலைவர் எண்டுறியள்."

"வேறை ஆர் இருக்கினம்?"

"கேட்டால் ஓம் எண்டு சொல்லுவியளோ?"

"இதென்ன கேள்வி?"

"நேற்று அந்தப் பிள்ளை வீட்டில தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள். அந்தக் கேள்வி எதற்கு என்று மகாதேவன் யோசிக்கவில்லை. மனதில் ஏற்கெனவே ஒரு லொறி ஓடிக்கொண்டிருந்தது.

பொதுக்கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. கல்யாணசுந்தரம் புது விதியை இரண்டு தடவை வாசித்தார். முதல் தடவை பொருளுக்காக, இரண்டாம் தடவை ஓசைக்காக. வாக்கெடுப்பில் நிஷானியே முதலில் கையைத் தூக்கினாள். "நியாயமான ரூல். நேர ஆடினா எல்லாருக்கும் நல்லம்" என்றாள். அவளுக்காக எதிர்ப்பதற்கு ஆயத்தமாக வந்தவர்களும், எதிர்க்கக் காரணம் இல்லாமல் போனதால், கையைத் தூக்கினார்கள். விதி ஏகமனதாக நிறைவேறியது. தலைவரின் முகத்தில் ஒளி வந்தது. அந்த ஒளி இருக்கும்போதே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றினார்.

"போதும்ங்க. உடம்பு முன்ன மாதிரி இல்ல. இளைஞர்கள் வரட்டும்."

மண்டபம் மகாதேவனைப் பார்த்தது. மகாதேவன் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று சால்வைகளையும் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு மேடையோரம் நின்ற அன்ரி, உபதலைவர் எழாததால் போவதா நிற்பதா என்று தெரியாமல் ஒரு கால் வைத்து, பின் எடுத்தார்.

விசில் சத்தம் கேட்டது.

"சார், உக்காருங்க" என்றார் கிருஷ்ணசாமி. தேர்தல் அதிகாரியாக அவர் தனி மேசையில் இருந்தார். "ஆட்டம் நின்னுடுச்சு."

கல்யாணசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நான் இன்னும் முடிக்கலையே?"

"முடிக்கணும்னு விதியில இல்ல. அறிகுறி காட்டினாலே போதும்."

"யோவ், அது பந்துக்குய்யா."

"மன்றத்திலும்னு இருக்கே சார். ரெண்டு வாட்டி வாசிச்சீங்க."

தலைவர் சபையைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ, வெகுநாள் அடக்கி வைத்திருந்த குரலில், "அப்ப அந்த ஒலிபெருக்கி எங்கே?" என்றார். கல்யாணசுந்தரம் மெல்ல உட்கார்ந்தார். உண்மையாகவே உட்கார்ந்தார். சால்வை அன்ரி, கொண்டுவந்ததை ஏன் வீணாக்க என்று ஒன்றை மட்டும் போர்த்திவிட்டுப் போனார்.

"தலைவர் பதவி காலி. யாரை முன்மொழியிறீங்க?" என்றார் கிருஷ்ணசாமி.

"மகாதேவன்" என்றது ஒரு குரல். "வழிமொழியிறன்" என்றாள் நிஷானி, எழுந்து நின்று, மனதாரவே.

"மகாதேவன் சார், சம்மதமா?"

மகாதேவன் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். இத்தனை வருட லொறிகளும் கண் முன்னால் வந்து நின்றன. இந்த முறை அவற்றுக்கெல்லாம் முகம் இருந்தது.

"இந்தப் பதவிக்கு நான் எள்ளளவும் தகுதியற்றவன்" என்றார், குரல் தானாகவே தழுதழுக்க. "என்னிலும் தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இந்தச் சபையிலே இருக்கும்போது…"

விசில்.

அது தனக்குத்தான் என்று புரிய மகாதேவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. மூன்றாம் வரிசையில் சிவகௌரி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். பையில் அவளுக்குத் தேவையானது ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"கிருஷ்ணசாமி, இது முன்னுரை" என்றார் மகாதேவன்.

"தெரியுது சார்."

"இனித்தான் விஷயத்துக்கு வாறன்."

"வந்திருப்பீங்க. ஆனா அறிகுறி காட்டிட்டீங்களே. விதியை எழுதினதே நீங்கதான்."

மகாதேவன் நிஷானியின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உமக்குத் தெரியும்தானே. இது சும்மா ஒரு… பேச்சுக்குச் சொல்லுறது."

"சொரி அங்கிள்" என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு. "நீங்கள்தான் வரவேணுமெண்டு நினைச்சனான். நீங்களே வேண்டாமெண்டா நான் என்ன செய்யிறது?"

அவர் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கல்யாணசுந்தரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, இவர் பக்கமாக லேசாகச் சாய்ந்தார். "மைதானத்திலும் மன்றத்திலும்" என்றார், தாழ்ந்த குரலில்.

அதற்குப் பிறகு ஒன்றியத்தில் முன்னொருபோதும் நடக்காத ஒன்று நடந்தது. விவேக் எழுந்து நிஷானியை முன்மொழிந்தான். "சம்மதமா?" என்று கிருஷ்ணசாமி கேட்டார். "ஓம், செய்யிறன்" என்றுவிட்டு நிஷானி உட்கார்ந்தாள்.

கிருஷ்ணசாமி விசிலை உதட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு ஏதும் வருமா என்று பார்த்தார். வரவில்லை. சபை திகைத்துப்போய் இருந்தது. "என்ன இது, கேட்ட உடனேயே ஓமெண்டிட்டுது" என்றார் ஒரு அன்ரி. "பதவி ஆசை" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கூட்டம் முடிந்ததும் புதுத் தலைவியே தட்டைத் தூக்கிக்கொண்டு தேநீர் கொடுக்க வந்தாள். கத்தரின் வீட்டிலிருந்து கொண்டுவந்த மட்டன் ரோல்ஸும் தட்டில் இருந்தது. முன்வரிசையில் முன்னாள் தலைவரும் ஆக முடியாத தலைவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டீ, அங்கிள்?" என்றாள் கல்யாணசுந்தரத்திடம்.

"வேணாம்மா, இப்பத்தான்…"

"ஓகே." தட்டு நகர்ந்தது. "அங்கிள், உங்களுக்கு?"

"ஓம்" என்றார் மகாதேவன், அவள் கேட்டு முடிப்பதற்குள். "சீனி ரெண்டு கரண்டி. ரோல்ஸும் ஒண்டு வையும்."

அவள் வைத்துவிட்டுப் போனாள். மகாதேவன் ஒரு வாய் உறிஞ்சினார். நல்ல சாயம். கல்யாணசுந்தரம் தூரத்தில் போகிற தட்டைப் பார்த்தார், பிறகு மகாதேவனின் கோப்பையைப் பார்த்தார், பிறகு ரோல்ஸைப் பார்த்தார். அவருக்கும் ஒன்று கேட்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று மகாதேவன் யோசித்தார். கேட்டால் எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார். ரோல்ஸை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை முதலில் வாயில் போட்டுக்கொண்டார்.